விளைபொருள் விற்பனையும் ஒப்பந்தச் சொற்களும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு ஜில்லாக்களும் முற்காலத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தவை. 1995-ம் வருஷத்தில் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. அரியலூர் 2001-ல் அதனின்று பிரிக்கப்பட்டு, அடுத்த வருஷமே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-ல் மறுபடியும் தனியாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும், நிலத்தின் இயல்பும் குடியானவர்களின் சாகுபடி வழக்கமும் மாறவில்லை. கரிசல் பூமியில் பருத்தியும் மக்காச்சோளமும், செட்டிகுளம், பாடாலூர் பக்கங்களில் சின்ன வெங்காயமும், ஜயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கங்களிலுள்ள செம்மண்ணில் முந்திரியும், கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர்ப் பக்கத்தில் நெல்லும் பயிராகின்றன. இவற்றுள் நெல் நீங்கலாக மற்றவை பெரும்பாலும் விற்பனையை உத்தேசித்தே பயிரிடப்படுவன. ஆகவே, உழவிலும் உரத்திலும் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கையேனும் விற்பனை ஒப்பந்தத்தில் செலுத்தாத குடியானவர், விளைவித்ததின் பலனைப் பிறர் கையில் ஒப்படைத்தவராகிறார்.

வியாபாரி களத்துக்கு வருகிறார். குவியலைக் கையால் அள்ளிப் பார்க்கிறார். விலை பேசி முன்பணம் கொடுக்கிறார். ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போகிறார். இவ்வளவில் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டதா என்று பலர் ஐயுறுகின்றனர். ஏற்பட்டுவிட்டது. சரக்கு விற்பனைக்கு முத்திரைக் காகிதமோ, ரிஜிஸ்டர் செய்தலோ, எழுத்தோகூட அவசியமில்லை என்பதும், வாய்மொழியாகவும் நடக்கையினாலும் ஒப்பந்தம் உண்டாகலாம் என்பதும் சட்டம். எழுத்து வேண்டுவது ஒப்பந்தம் செல்லுவதற்கன்று. பின்னால் தகராறு நேரும்போது பேசியது இன்னதென்று காட்டுவதற்கே.

இவ்விஷயத்தை ஆளும் சட்டம் 1930-ம் வருஷத்து 3-வது ஆக்டாகிய சரக்கு விற்பனைச் சட்டம். அதற்கு முன்னர் இவ்விதிகள் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் ஏழாவது அத்தியாயமாக இருந்தன. இங்கிலாந்தில் 1893-ல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பெரிதும் தழுவி அந்த அத்தியாயம் தனிச் சட்டமாக்கப்பட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதிகளும் இதனுடன் சேர்த்து வாசிக்கத் தக்கவை.

கிரயமும் கிரய உடன்படிக்கையும்

சட்டத்தில் முதலில் அறியவேண்டிய வேற்றுமை இதுவே. சரக்கின் உடைமை உரிமை அப்போதே வாங்குகிறவருக்கு மாறுமாயின் அது கிரயம். பிற்காலத்தில், அல்லது ஒரு நிபந்தனை நிறைவேறிய பின் மாறுவதாயின் அது கிரய உடன்படிக்கை. இரண்டும் பேச்சில் ஒன்றுபோலவே இருக்கும். நஷ்டம் நேரும்போதுதான் இவற்றின் வேற்றுமை புலப்படும். ஏனெனில், உடைமை எவரிடம் இருக்கிறதோ அவரையே நஷ்ட அபாயமும் சாரும் என்பது, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவிடத்து, சட்டத்தின் விதி. சரக்கு யார் வீட்டில் இருக்கிறது, பணம் கொடுத்தாயிற்றா என்பவை இதைத் தீர்மானிப்பன அல்ல. ஆனால் ஒரு தரத்தார் குற்றத்தினால் ஒப்படைப்புத் தாமதமாயிருப்பின், அத்தாமதம் இல்லாதிருந்தால் நேர்ந்திராத நஷ்டம் அவரையே சாரும். நாளைக்கு லாரி அனுப்புவதாகச் சொல்லிப் பத்து நாள் அனுப்பாத வியாபாரி, மழையில் நனைந்த மூட்டைகளைக் குடியானவர் தலையில் கட்ட முடியாது.

எடை போடும் வரையில் யாருடையது?

களத்தில் குவிந்து கிடக்கும் மக்காச்சோளம் முழுவதும் குவிண்டாலுக்கு இன்ன விலை என்று பேசி முடிந்தது. இன்னும் எடை போடவில்லை. அன்றிரவு பெருமழை. நஷ்டம் யாருக்கு?

குறிப்பிட்ட சரக்கு, ஒப்படைக்கத் தக்க நிலையில் இருந்து, நிபந்தனையின்றி விற்கப்பட்டால், பேச்சு முடிந்த கணமே உடைமை வாங்குகிறவருக்கு மாறிவிடும். பணம் பின்னால் தருவதாக இருப்பினும் அப்படியே. ஆனால் விலை இவ்வளவு என்று கணக்கிடும் பொருட்டு விற்பவர் எடை போடவோ, அளக்கவோ, சோதிக்கவோ கடமைப்பட்டிருந்தால், அக்காரியம் முடிந்து அது வாங்குகிறவருக்குத் தெரிவிக்கப்படும் வரையில் உடைமை மாறாது. இது சட்டத்தின் 22-வது பிரிவு. 1809-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், 289 கட்டு ஆட்டுத் தோல் விற்கப்பட்டது. கட்டுக்கு ஐந்து டஜன் என்று பேச்சு. எண்ணிப் பார்ப்பது விற்பவரின் கடமை. எண்ணுவதற்குள் தீப்பிடித்துச் சரக்கு எரிந்தது. நஷ்டம் விற்பவருடையதே என்று முடிவாயிற்று. மேற்சொன்ன மக்காச்சோளத்தையும் குடியானவரே எடை போட்டுக் கொடுக்கவேண்டியிருந்தால், மழையின் நஷ்டம் அவரைச் சாரும்.

எடை போடுவது வாங்குகிறவரின் வேலையாயிருந்தால் நிலைமை வேறு. முன்னாளில் பொற்கரை எனப்பட்ட கானா தேசத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்ஸிலுக்கு வந்து 1926-ல் தீர்ந்த கோக்கோ வழக்கு இதற்குச் சான்று. அறுபது ராத்தல் கொண்ட சுமைக்கு 59 ஷில்லிங் வீதம் கோக்கோவை ஒருவர் விற்றார். வாங்கியவர் அதை ஒரு கம்பெனிக்கு மறுவிற்பனை செய்தார். அக்கம்பெனியின் கிடங்கில் எடை சரி பார்ப்பதாக ஏற்பாடு. முதலில் விற்றவருக்குப் பணம் வந்து சேரவில்லை. எடை போடும் வரையில் கோக்கோ தம்முடையதே என்று அவர் வாதித்தார். அந்த எடை தொகையைச் சரி பார்ப்பதற்கே அன்றி உடைமை மாறுவதற்கு நிபந்தனை அன்று என்று தீர்ப்பாகி, அவர் தோற்றார். நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைக்குச் சரக்கை ஏற்றி, அவ்விடத்து எடை மேடையின் சீட்டுப்படி பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று விடும் குடியானவர்கள் இந்தக் கோக்கோ வழக்கை மறத்தலாகாது. லாரி புறப்பட்டபின் அவருக்கு மிஞ்சுவது தானியத்தின்மேல் உரிமை அன்று. வியாபாரியின்மேல் கடன் பாக்கி மாத்திரமே. களத்துக்கு அருகிலேயே எடை போட்டு, இரு தரத்தாரும் கையொப்பமிட்ட சீட்டைப் பெற்ற பிறகு ஏற்றுவதற்கு ஆகும் சிரமம் அற்பமானது.

சின்ன வெங்காயத்தின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டறையில் முந்நூறு மூட்டை இருக்க, அதில் நூறு மூட்டை ஒரு வியாபாரிக்கு என்று பேசி அவர் பணத்தையும் கொடுத்துவிடுகிறார். எந்த நூறு என்று பிரித்து ஒதுக்கப்படவில்லை. பிரித்து ஒதுக்கும் வரையில் எதன் உடைமையும் மாறாது. ஆகையால் பட்டறை முழுவதும் எரிந்துபோனால் நஷ்டம் குடியானவருக்கு; வாங்கிய தொகையையும் அவர் திருப்பிக் கொடுக்கவேண்டும். பணம் வாங்கியவுடன் நூறு மூட்டையைத் தனியே அடுக்கி, ஆளை வைத்துக் காட்டி, இவை உம்முடையவை என்று ஒப்புக்கொள்ளச் செய்வது தற்காப்பு.

நிற்கும் பயிரும் வராத பயிரும்

நிலத்தில் நிற்கும் பயிர், அறுத்தெடுப்பதாக ஒப்புக்கொண்டு விற்கப்படும்போது சரக்கு என்றே கொள்ளப்படும். ஆனால் முந்திரித் தோப்பின் மகசூலைப் பல வருஷங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தல் அப்படியன்று. காட்டில் மரம் வெட்டியெடுக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட உரிமை தரும் பத்திரம் ஒன்றைப் பற்றி 1958-ல் சாந்தாபாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஆராய்ந்து, அவ்வுரிமை நிலத்தைச் சார்ந்தது, ரிஜிஸ்டர் ஆகாததால் செல்லாது என்று கூறிற்று. ஒரு பருவக் காய்க்குச் சீட்டு எழுதும் பழக்கத்தையே ஐந்து வருஷக் குத்தகைக்கும் பின்பற்றும் தோப்புக்காரர்கள் இதைக் கவனிக்க.

இனி விளையப்போகும் தானியத்தை விற்பது கிரய உடன்படிக்கையாகவே முடியும்; இல்லாத பொருளின் உடைமை மாற இடமில்லை. அப்பயிர் அழிந்தால் என்ன செய்வது? 2018-ன் கடைசியில் அமெரிக்கப் படைப்புழு பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் மக்காச்சோள வயல்களில் புகுந்து குருத்தைத் தின்றபோது, இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இராமல் வயல் கேள்வியாயிற்று.

இதற்கும் ஒரு பழைய வழக்கே வழிகாட்டி. 1872-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த வாப்லோடு என்னும் ஊரில் ஒரு குடியானவர், தமது குறிப்பிட்ட நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் கருகல் நோய் விழுந்தது. சுமார் 80 டன் மாத்திரமே கொடுக்க முடிந்தது. வியாபாரி மீதிக்கு நஷ்டஈடு கோரி வழக்கிட்டார். இன்ன நிலத்து விளைவு என்று குறிப்பிடப்பட்டிருப்பதால், குடியானவர் குற்றமின்றிப் பயிர் அழிந்தபின் அவர் ஜவாப்தாரியல்லர் என்று 1876-ல் மேல்கோர்ட்டும் உறுதி செய்தது.

ஒப்பந்தத்தில் நிலம் குறிப்பிடப்பட்டிருந்ததே அவரைக் காத்தது. ‘ஐம்பது குவிண்டால் மக்காச்சோளம் தருகிறேன்’ என்று மாத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிட்டாது. சந்தையில் வாங்கியாவது கொடு என்று வியாபாரி கேட்கலாம். ‘இன்ன கிராமம் இன்ன சர்வே நம்பர் நிலத்தில் இவ்வருஷம் விளைவதில் ஐம்பது குவிண்டால்’ என்று எழுதுவதால் கூடும் வார்த்தைகள் சிலவே. சீட்டு எழுதித் தரும்படி கேட்டுவரும் அயலாருக்கு இவ்வொரு வரியைச் சேர்த்துக் கொடுப்பது கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடிய பேருபகாரம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1972-ல் தீர்ப்பான மற்றோர் ஆங்கிலேய வழக்கில், 275 டன் பார்லி விற்க ஒப்புக்கொண்ட குடியானவருக்கு 140 டன்னே கண்டது. அவ்வருஷம் விலை ஏறியிருந்தது. விளைவு குறைந்ததால் ஒப்பந்தமே போயிற்று என்று சொல்லி அவர் அந்த 140 டன்னையும் அதிக விலைக்கு வேறிடத்தில் விற்றார். குறைந்த பாகத்துக்கு அவர் ஜவாப்தாரியல்லர்; விளைந்ததைக் கொடாத குற்றத்துக்கு ஜவாப்தாரி என்று கோர்ட்டு கூறிற்று. புழு தின்றது போக மிஞ்சிய தானியம் முதலில் பேசிய வியாபாரிக்கே சேரவேண்டியது.

ஜவாப்தாரியல்லர் என்றதனால் முன்பணமும் தம்முடையது என்று குடியானவர் எண்ணலாகாது. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமற் போனால், அதன்கீழ் பெற்ற லாபத்தைத் திருப்பவேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவு கூறுகிறது. விதைக்கும் உரத்துக்கும் அம்முன்பணம் செலவாகியிருப்பின், திருப்பிக் கொடுப்பதற்கு அவகாசம் முதலிலேயே சீட்டில் குறிக்கப்பட்டிருத்தல் நலம்.

அச்சாரமும் முன்பணமும்

இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். சட்டம் வேறாகக் கருதுகிறது. அச்சாரம் என்பது பேச்சு உறுதி என்பதற்கு ஈடாகக் கொடுப்பது. வாங்குகிறவர் பிசகினால் அது போய்விடும். முன்பணமோ விலையின் ஒரு பகுதி. பிசகினவருக்கும், நஷ்டஈட்டைக் கழித்துக்கொண்டு, திருப்பவேண்டியது. ஸ்ரீ ஹனுமான் காட்டன் மில்ஸ் வழக்கில், பத்து லட்ச ரூபாய்க்கு விமானக் கழிவு உலோகம் வாங்க ஒப்புக்கொண்டவர் நூற்றுக்கு 25 வீதம் கட்டியிருந்த இரண்டரை லட்சமும் அச்சாரமாகையால் அவர் அதை இழந்தார் என்று 1969-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எனவே, வாங்கும் தொகை எதுவென்று சீட்டில் பெயரிட்டு எழுதவேண்டும்.

தரமும் மாதிரியும்

ஒப்பந்தத்துக்கு உயிர்நாடியான வாக்குறுதியை மூல நிபந்தனை என்றும், அதைச் சார்ந்த சிறு வாக்குறுதியைச் சார்பு உறுதி என்றும் தமிழில் சொல்லலாம். முன்னது தவறினால் சரக்கையே மறுக்கலாம். பின்னது தவறினால் நஷ்டஈடு மாத்திரம் கேட்கலாம். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் மாதிரியை ஒத்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குகிறவருக்கு நியாயமான சந்தர்ப்பம் தரவேண்டும். மேலே நல்ல பருத்தியையும் அடியில் கறைபட்ட கொட்டுப் பருத்தியையும் வைத்துத் தாட்டுக் கட்டும் பழக்கம் இவ்விதியில் நேராகச் சிக்கும். அதைச் செய்பவர்கள் சிலரே ஆயினும், அதன் பயனாக வியாபாரிகள் வைக்கும் கழிவை எல்லோரும் சுமக்கின்றனர்.

வியாபாரியின் பக்கத்துத் தந்திரமும் சிறிதன்று. ஆலையில் மக்காச்சோளத்தை இறக்கிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து ‘ஈரம் அதிகம், குவிண்டாலுக்கு இவ்வளவு பிடித்துவிட்டோம்’ என்று சொல்லியனுப்புகிறார்கள். நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவியாமல் சரக்கை வைத்துக்கொண்டவர் அதை ஏற்றுக்கொண்டவரே என்று 42-வது பிரிவு கூறுகிறது. அதன் பின்னர் அவர் சரக்கை மறுக்க முடியாது. குறை இருந்ததென்று ருசுப்படுத்தி நஷ்டஈடு கேட்கலாம். தம் இஷ்டப்படி ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வது வேறு விஷயம். ஈரப்பதம் ஏற்றும்போதே இருவர் முன்னிலையில் அளக்கப்பட்டு எடைச் சீட்டிலேயே எழுதப்பட்டால் இந்த வழக்கு எழாது.

வாங்குகிறவர் தாமே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பழைய பொது விதி. குடியானவரே வாங்குகிறவராகும்போது, அதாவது விதை வாங்கும்போது, இவ்விதிக்கு விலக்கு அவருக்குத் துணையாகிறது. உபயோகத்தைத் தெரிவித்து, அத்தொழிலில் உள்ள விற்பனைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால், சரக்கு அவ்வுபயோகத்துக்குத் தக்கதாயிருக்க வேண்டும். தேசிய விதைக் கார்ப்பொரேஷன் சம்பந்தமான 2012-ம் வருஷத்து வழக்கில், கெட்ட விதையால் நஷ்டமடைந்த குடியானவர்கள் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிற குடியானவர், பரிசோதனைக்கென்று மாதிரி எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்கலாகாது என்றும் கூறிற்று. ஆயினும் பையின் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துவது அவசியம்.

பணம் வராதபோது

விலை முழுதும் பெறாத விற்பனைக்காரருக்குச் சட்டம் மூன்று பாத்தியங்கள் அளிக்கிறது. முதலாவது, சரக்கு தம் வசம் இருக்கும் வரையில் பணம் வரும்மட்டும் பிடித்து வைத்தல். உடைமை மாறியிருப்பினும் இவ்வுரிமை உண்டு. தவணை கொடுத்திருந்தால், தவணை கடந்த பின்னரே உண்டு. லாரிக்காரரிடம் ஒப்படைத்தவுடன் இது போய்விடும். இரண்டாவது, வாங்கியவர் பணம் கொடுக்கச் சக்தியற்றுப் போனால் வழியிலேயே சரக்கை நிறுத்துமாறு வண்டிக்காரருக்கு அறிவித்தல். மூன்றாவது மறுவிற்பனை. அழுகும் பொருளை உடனே விற்கலாம். மற்றவற்றுக்கு, விற்கப்போவதாக அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் காத்திருக்க வேண்டும். அறிவிப்பின்றி விற்றவர், குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் நஷ்டம் கேட்க முடியாது. அதிக விலை கிடைத்தால் அந்த லாபத்தையும் முதல் வியாபாரிக்குக் கொடுக்கவேண்டியவராவார்.

நஷ்டஈட்டின் கணக்கு சாதாரணமாக ஒப்பந்த விலைக்கும் அந்நாளைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசமே. குவிண்டால் 2,000 ரூபாய்க்கு ஐம்பது குவிண்டால் பேசிய வியாபாரி, சந்தையில் 1,700 ஆனவுடன் எடுக்க மறுத்தால், 15,000 ரூபாய் கோரலாம். விலை ஏறியபோது குடியானவர் மறுத்தாலும் இதே கணக்கு திரும்பி அவர்மேல் வரும். விலை இறங்கும்போது ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி, ஏறும்போது மறந்துவிடுவது இரு தரத்தாருக்கும் பொதுவான பலவீனம்.

இவற்றையெல்லாம் தனித்தனியே பேசிக்கொள்ளும் தொல்லை பெரிதும் இல்லாத இடம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். 1928-ல் ராயல் விவசாயக் கமிஷன் சிபாரிசு செய்தபின், சென்னை மாகாணத்தில் 1933-ல் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. திருப்பூரில் 1936-ல் பருத்திக்காக முதற் கூடம் ஏற்பட்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக 1959-லும், பின்னர் 1987-லும் புதுச் சட்டங்கள் வந்தன. பெரம்பலூர், ஜயங்கொண்டம் முதலிய இடங்களில் கூடங்கள் உள. சாதாரண ஏலத்தில் சுத்தியல் விழுந்தவுடன் கிரயம் முடியும். அதுவரை கேட்டவர் தம் கேள்வியை வாபஸ் வாங்கலாம். கூடத்தில் நடக்கும் மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகின்றனர். விலை கட்டாவிட்டால் குடியானவர் சரக்கைக் கொடாமல் இருக்கலாம். விளைவதற்கு முன்பே கம்பெனிகளுடன் விலை பேசிப் பயிரிடுவோருக்காகத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2019-ல் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் நிறைவேற்றி, அவ்வருஷமே ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது.

கோர்ட்டுக்குப் போகவேண்டிய நிலை வந்தால் காலவரையறையை முதலில் பார்க்கவேண்டும். தவணை குறிப்பிடாமல் விற்று ஒப்படைத்த சரக்கின் விலைக்கு, ஒப்படைத்த தேதியிலிருந்து மூன்று வருஷம். தவணை குறித்திருந்தால், அது கடந்த தேதியிலிருந்து மூன்று வருஷம். ‘அடுத்த அறுப்புக்குத் தருகிறேன்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே போவது இக்காலத்தை நீட்டாது. கெடு முடிவதற்கு முன் வியாபாரி தாம் கொடுக்கவேண்டிய கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அத்தேதியிலிருந்து காலம் புதிதாகக் கணக்கிடப்படும்.